நூறாண்டு உறக்கமும் ஒரு திரைப்படமும்



ஓர் அரசகுமாரி, இராட்டையின் கதிர் விரலில் தைத்ததனால் நூறாண்டு உறங்கிப் பின்னர் விழித்தெழுந்தாள் என்னும் ஐரோப்பியக் கதையை உங்களில் பலர் சிறு வயதிலேயே படித்திருப்பீர்கள். அக்கதையைப் பெரும் பொருட்செலவில் திரைப்படமாக எடுத்தார் ஒருவர். படம் தோல்வியுற்றது, அவருடைய நிறுவனம் நட்டமடைந்தது, தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். ஆண்டுகள் பல சென்றபின் அதே படத்தைக் காண மக்கள் திரண்டனர். கதையின் தலைவிக்கு நேர்ந்ததே கதையைச் சொன்ன படத்துக்கும் நேர்ந்தது. இந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சினிமாவைப் பற்றிப் பேச ஒரு பழைய தலைமையாசிரியருக்கு என்ன வேலை என்று நீங்கள் வியக்கலாம். வகுப்பறையில் சினிமாப் பேச்சை நான் அனுமதித்தவன் அல்லன். ஆயினும் வரலாற்று விடைத்தாள்களைத் திருத்திய காலத்தில், மாணவர்கள் மிக விரைவாக எழுதிவிடும் சொற்கள் 'வெற்றி', 'தோல்வி' என்பனவே என்பதைக் கண்டேன். யாருக்கு வெற்றி, எந்த நாளில் எடுத்த கணக்குப்படி தோல்வி என்று கேட்டால் விடை வராது. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவதற்கு இந்தப் படத்தின் கதை நல்ல பாடம்.

முதலில் கதையின் வரலாற்றைக் காண்போம். இத்தாலியரான பசிலே எழுதிய தொகுப்பில் இக்கதையின் பழைய வடிவம் ஒன்று உண்டு. அத்தொகுப்பு அவர் இறந்தபின் 1634 முதல் வெளிவந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ 1697-இல் அதனைச் செப்பனிட்டு வெளியிட்டார். ஜெர்மானியரான கிரிம் சகோதரர்கள் 1812-இல் தம் தொகுப்பில் சேர்த்தனர். ருஷ்ய இசை மேதை சைக்காவ்ஸ்கி இதற்குப் பாலே நடன இசை அமைத்தார். அந்நாட்டியம் 1890-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது. இவ்வாறு பல நாடுகளைச் சுற்றி வந்த கதை, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் கையில் வந்து சேர்ந்தது.

வால்ட் டிஸ்னி கார்ட்டூன் படங்களால் புகழ் பெற்றவர். முழு நீளக் கார்ட்டூன் படத்தை மக்கள் பொறுமையுடன் உட்கார்ந்து பார்க்கமாட்டார்கள் என்று பிறர் எச்சரித்த காலத்தில், 1937-இல் 'ஸ்நோ வைட்' படத்தை வெளியிட்டுப் பெரும் பொருள் ஈட்டினார். இரண்டாம் உலகப் போரினால் அவர் நிறுவனம் தளர்ந்திருந்தபோது, 1950-இல் வந்த 'சிண்டரெல்லா' அதனை மீண்டும் நிமிர்த்தியது. இரண்டும் அரசகுமாரியர் கதைகளே. எனவே மூன்றாவதாக ஓர் அரசகுமாரியின் கதையை எடுத்துக்கொண்டது இயல்பே. ஆனால் முன்னர்ச் செய்ததையே மீண்டும் செய்ய அவர் விரும்பவில்லை. ஒவ்வொரு காட்சியும் சுவரில் மாட்டத்தக்க ஓவியம்போல் இருத்தல் வேண்டும் என்று எண்ணினார். அவ்வெண்ணமே படத்தின் பெருமைக்கும், அதனால் விளைந்த துன்பத்துக்கும் வித்தாயிற்று.

நியூயார்க் நகரில் கிளாய்ஸ்டர்ஸ் என்னும் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. அங்கே, ஏறக்குறைய 1500-ஆம் ஆண்டளவில் நெய்யப்பட்ட பெரிய சித்திரத் திரைச்சீலைகள் தொங்குகின்றன. ஒற்றைக்கொம்புக் குதிரையை வேட்டையாடும் காட்சிகள் அவற்றில் உள்ளன. புல்லும் பூவும் இலையும் ஒவ்வொன்றாக எண்ணத்தக்க நுட்பத்துடன் நெய்யப்பட்டவை. டிஸ்னியின் கலைஞர் ஜான் ஹென்ச் அவற்றைக் கண்டு மயங்கி, அந்தப் பாணியைப் படத்துக்குப் பரிந்துரைத்தார். ஐவிண்ட் எர்ல் என்னும் ஓவியர் அதனை மேற்கொண்டார். இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களையும், பாரசீகச் சிற்றோவியங்களையும் கற்ற அவர், நெடிதுயர்ந்த மரங்களும் கூரிய கோணங்களும் கொண்ட ஒரு காட்டைப் படைத்தார். கார்ட்டூன் படத்தின் பின்னணி ஓவியம் ஒன்றுக்கு வழக்கமாக ஒரு நாள் போதும். எர்லின் ஓவியங்களுக்கு ஏழு முதல் பத்து நாள் வரை பிடித்தது.

இங்கே சிறிது கணக்குப் போடுவோம். திரைப்படம் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்களாக ஓடுகிறது. இந்தப் படத்தின் நீளம் ஏறக்குறைய 75 நிமிடம். பெருக்கிப் பார்த்தால் 1,08,000 படச்சட்டங்கள் வரும். ஒரே சித்திரத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. ஆனால் ஒரு காட்சியில் இருவர் மூவர் நின்றால் அவர்களைத் தனித்தனித் தாள்களில் வரைதல் வேண்டும். ஓவியர் காகிதத்தில் பென்சிலால் வரைந்த ஒவ்வொன்றையும், செல்லுலாயிட் தகட்டின்மேல் மையால் கோடு பிசகாமல் படி எடுத்தல் வேண்டும்; தகட்டைத் திருப்பிப் பின்புறம் வண்ணம் தீட்டுதல் வேண்டும். இந்த நுண்ணிய பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் திரையில் இடம்பெறவில்லை.

இத்தனைக்கும் மேலாக, டெக்னிராமா என்னும் அகலத்திரை முறையில் படம் எடுக்கப்பட்டது. இதில் பிலிம் சுருள் கிடையாக ஓடும். படச்சட்டம் வழக்கமானதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பெரிது. பெரிய திரையில் சிறு பிழையும் பெரிதாகத் தெரியுமாதலால், கோடுகள் இன்னும் நுட்பமாக அமைய வேண்டியிருந்தது. சைக்காவ்ஸ்கியின் பாலே இசையை ஜார்ஜ் புருன்ஸ் படத்துக்கு ஏற்ப அமைத்தார். அவ்விசை ஜெர்மனியில் பெர்லின் நகரில் பதிவு செய்யப்பட்டது.

1950-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை இழுத்துக்கொண்டே சென்றது. இடையில் டிஸ்னியின் கவனம் தொலைக்காட்சியிலும், கலிபோர்னியாவில் அவர் அமைத்த டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவிலும் திரும்பியது. பூங்கா 1955 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் நடுவே எழுந்த கோட்டைக்கு உறங்கும் அரசகுமாரியின் பெயரையே சூட்டினர். கோட்டை கட்டி முடிந்து மூன்றரை ஆண்டு கழிந்த பின்னரே அரசகுமாரியின் படம் திரைக்கு வந்தது!

'ஸ்லீப்பிங் பியூட்டி' என்னும் அப்படம் 1959 ஜனவரி 29 அன்று வெளியாயிற்று. செலவு ஏறக்குறைய 60 லட்சம் டாலர். 'ஸ்நோ வைட்' படத்துக்கு ஆன செலவு சுமார் 15 லட்சம் டாலர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை டிஸ்னி எடுத்த கார்ட்டூன் படங்களுள் எதற்கும் இவ்வளவு செலவானதில்லை.

முதல் வெளியீட்டில், அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுவனத்தின் பங்காகக் கிடைத்தது சுமார் 53 லட்சம் டாலர். பங்கு என்று ஏன் சொல்கிறேன்? நீங்கள் சீட்டு வாங்கக் கொடுக்கும் பணம் முழுவதும் படம் எடுத்தவருக்குப் போவதில்லை. அரங்க உரிமையாளர் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறார். எஞ்சியதிலிருந்தே பிரதிகளின் செலவும் விளம்பரச் செலவும் கழிய வேண்டும். ஆகவே 53 லட்சம் என்பது சிறிய தொகையன்று. கூட்டம் வரவில்லை என்பதும் உண்மையன்று. வந்த கூட்டத்தைக் காட்டிலும் செய்த செலவு பெரிது. தோல்வி என்று இங்கே சொல்வதன் பொருள் இதுவே.

காரணங்களை ஆராய்வோம். 'விஜயநகரப் பேரரசு வீழ்ந்தது ஏன்?' என்று கேட்டால் ஒரே காரணத்தை எழுதிவிட்டு எழுந்து போகும் மாணவர் உண்டு. இங்கும் ஒரே காரணம் போதாது. நீண்ட காலமும் மிகுந்த செலவும் முதற்காரணம். தலைவரின் கவனம் சிதறியது இரண்டாவது. அரசகுமாரியும் அரசகுமாரனும் உள்ளத்தைத் தொடவில்லை, பின்னணி ஓவியம் பாத்திரங்களை விழுங்கிவிட்டது, 'ஸ்நோ வைட்' கதையையே மீண்டும் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று விமரிசகர் சிலர் கூறினர்; இது மூன்றாவது. வீடுதோறும் தொலைக்காட்சி நுழைந்துவிட்ட காலம் அது என்பது நான்காவது. அதே 1959-இல் அதே நிறுவனம் 'தி ஷாகி டாக்' என்னும் கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம் ஒன்றை வெளியிட்டது. சிறுவன் ஒருவன் நாயாக மாறும் கதை அது. அதற்கு ஆன செலவு அரசகுமாரிக்கு ஆனதில் ஒரு சிறு பகுதியே. அது பெரும் இலாபம் ஈட்டியது. கணக்கரின் கண்ணுக்கு இந்த இரு எண்களும் அடுத்தடுத்துப் படும்போது என்ன தோன்றும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

விளைவு கடுமையாக இருந்தது. 1960-ஆம் ஆண்டுக் கணக்கில் நிறுவனம் பத்தாண்டுகளில் முதன்முறையாக நட்டம் காட்டியது. கார்ட்டூன் பிரிவில் பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். பென்சில் கோட்டை இயந்திரத்தின் உதவியால் நேரே தகட்டில் பதிக்கும் செராக்ஸ் முறை வந்தது. 1961-இல் வெளியான '101 டால்மேஷியன்ஸ்' படம் அம்முறையில் குறைந்த செலவில் முடிந்தது. கையால் மையிட்டுப் படியெடுத்த பெண்களின் நீண்ட மரபு, உறங்கும் அரசகுமாரியோடு முடிவுற்றது. தேவதைக் கதை ஒன்றை முழு நீளக் கார்ட்டூன் படமாக எடுக்கும் துணிவு அந்நிறுவனத்துக்கு மீண்டும் வர முப்பது ஆண்டு பிடித்தது. 1989-இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' அத்தகைய அடுத்த படம். வால்ட் டிஸ்னி 1966 டிசம்பர் 15 அன்று மறைந்தார். அவர் கண்மூடிய நாளில் இந்தப் படம் ஒரு தோல்விப் படமே.

அவர் மறைந்து நான்காண்டு கழிந்தபின், 1970-இல் படம் மீண்டும் வெளியிடப்பட்டது. பின்னர் 1979, 1986, 1995 ஆகிய ஆண்டுகளிலும் வெளியாயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. சிறுவர் படத்தைப் பார்க்கும் சிறுவர்கள் வளர்ந்துவிடுகிறார்கள். ஏழெட்டு ஆண்டுகளில் அதே படத்தைப் பார்த்திராத புதிய சிறுவர் கூட்டம் தோன்றிவிடுகிறது. அவர்களை அழைத்து வருபவர்களோ, முன்பு அப்படத்தைப் பார்த்தவர்கள். படமெடுத்த செலவு என்றோ முடிந்துபோன ஒன்று. புதிய பிரதிக்கும் விளம்பரத்துக்குமே இப்போது செலவு. 1986-இல் வீடியோ நாடா வடிவிலும் படம் வீடுகளுக்குள் சென்றது. எல்லா வெளியீடுகளையும் சேர்த்தால் வட அமெரிக்க அரங்குகளின் வசூல் 5 கோடி டாலருக்கும் மேல். 1959-ஆம் ஆண்டு டாலரும் 1995-ஆம் ஆண்டு டாலரும் ஒரே மதிப்புடையவை அல்ல. ஆதலால் இத்தொகையை முன்னர்க் கூறிய 60 லட்சத்தோடு நேரே வைத்து ஒப்பிடுதல் தகாது. ஆயினும் போக்கு எத்திசையில் என்பது தெளிவு.

பணம் மட்டும் மாறவில்லை, கண்ணும் மாறியது. பாத்திரங்களை விழுங்கியதாகக் குறை கூறப்பட்ட எர்லின் பின்னணி ஓவியங்களை, பின்வந்த ஓவியர்கள் பாடமாகக் கற்றனர். மார்க் டேவிஸ் உருவாக்கிய தீய தேவதை மெலபிசெண்ட், அரசகுமாரியினும் மிகுதியாகப் பேசப்பட்டாள்; 2014-இல் அவளையே தலைவியாகக் கொண்டு ஒரு படம் வெளிவந்தது. 2008-இல் மூல நெகடிவ் சுருளிலிருந்து பழைய படம் புதுப்பிக்கப்பட்டது. 2019-இல் அமெரிக்க நாட்டின் காங்கிரஸ் நூலகம், என்றும் பாதுகாக்கத்தக்க படங்களின் தேசியப் பட்டியலில் அதனைச் சேர்த்தது.

'நல்லதைக் காலம் ஒரு நாள் உயர்த்தியே தீரும்' என்று இந்த இடத்தில் முடித்துவிட்டால் கேட்போருக்கு இனிமையாக இருக்கும். ஆனால் அது வரலாறு ஆகாது. காலத்துக்குக் கையில்லை, பெட்டியைத் திறப்பதும் பூட்டுவதும் மனிதர்களே. இதனை விளங்கிக்கொள்வதற்கு, இதே கதைக்கும் இதே இசைக்கும் படம் வெளியாவதற்கு முப்பத்தெட்டு ஆண்டுகட்கு முன் லண்டன் நகரில் நேர்ந்ததைச் சொல்கிறேன்.

ருஷ்ய நாட்டியக் குழுவின் தலைவர் தியாகிலெவ், 1921 நவம்பர் 2 அன்று லண்டன் அலம்ப்ரா அரங்கில் சைக்காவ்ஸ்கியின் இந்தப் பாலே நாட்டியத்தை மேடையேற்றினார். ஓவியர் லியோன் பாக்ஸ்ட் திரைகளையும் ஆடைகளையும் அமைத்தார். செலவோ அளவு கடந்தது. நூற்றைந்து முறை ஆடியும் செலவு மீளவில்லை. நாட்டியம் நிறுத்தப்பட்டது, கடனுக்கு ஈடாகத் திரைகளையும் ஆடைகளையும் அரங்கத்தார் பிடித்துவைத்துக்கொண்டனர். தியாகிலெவ் லண்டனை விட்டு அகன்றார்.

அந்த அரங்கின் பாதிக்கு மேல் காலியான இருக்கைகளுக்கிடையே, திரும்பத் திரும்ப வந்து அமர்ந்த ஒருவர் உண்டு. அவர் புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெயின்ஸ். நாட்டியத்தில் ஆடிய லிடியா லோபொகோவா என்னும் ருஷ்ய நங்கையின்பால் அவர் உள்ளம் சென்றது. 1925-இல் அவரையே மணந்தார். காலம் சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் காவெண்ட் கார்டன் இசைநாடக அரங்கம் பொதுமக்கள் கூடி ஆடும் நடனக் கூடமாக மாறியிருந்தது. போருக்குப் பின் அதனை மீண்டும் கலையரங்கமாக்க அமைந்த குழுவுக்குத் தலைவராயிருந்தவர் அதே கெயின்ஸ்! 1946 பிப்ரவரி 20 அன்று அரங்கம் திறக்கப்பட்டபோது அங்கே ஆடப்பட்ட நாட்டியமும் அதே உறங்கும் அரசகுமாரி. மார்கட் பாண்டெய்ன் தலைவியாக ஆடினார். போரில் களைத்திருந்த லண்டன் மக்கள் அதனைப் போற்றி வரவேற்றனர். கெயின்ஸ் அவ்விழாவைக் கண்டு, இரண்டே மாதங்களில் மறைந்தார்.

நண்பர்களே, இருபத்தைந்து ஆண்டுக்கு முன் நட்டமடைந்த ஒரு நாட்டியத்தை, காலி இருக்கைகளின் நடுவே அமர்ந்து கண்டு மறவாத ஒருவர் இருந்தார்; பின்னாளில் ஓர் அரங்கத்தைத் திறக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவ்வாறே திரைப்படத்துக்கும், நெகடிவ் சுருளைக் கெடாமல் காத்துவைத்தவர்கள் இருந்தனர். அதனை மீண்டும் வெளியிடும் வசதி நிறுவனத்துக்கு இருந்தது. சிறு வயதில் பார்த்துத் தம் மக்களை அழைத்து வந்த பெற்றோர் இருந்தனர். இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் படம் உறங்கியே போயிருக்கும். காப்பார் இன்மையால் உருத்தெரியாமல் அழிந்த ஊமைப் படங்கள் உலகெங்கும் எத்தனையோ உண்டு. அவற்றுள் நல்லவை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. படம் விழித்தெழுந்தது என்று மகிழ்கிறோம். ஆனால் 1960-ஐ ஒட்டி வேலையிழந்த ஓவியர்களுக்கும் மையிட்ட பெண்களுக்கும் அந்த விழிப்பினால் வேலை திரும்பக் கிடைத்ததா? 1995-ஆம் ஆண்டு வசூல், அந்நாளில் அவர்கள் வீட்டு அடுப்பை எரித்ததா? ஒரு படைப்பின் கணக்கு நாற்பது ஆண்டு கழித்தும் திருந்தலாம். ஒரு குடும்பத்தின் கணக்கு மாதக் கடைசியில் முடிந்தாக வேண்டும். பின்னாளின் புகழைக் கொண்டு முன்னாளின் துன்பத்தைக் கழித்து எழுதுதல் நேர்மையான வரலாறு ஆகாது. அதுபோலவே, 1960-ஆம் ஆண்டின் நட்டத்தைக் கண்டு அந்த ஓவியர்களின் உழைப்பு வீண் என்று எழுதியவரும் தவறியவரே. இரண்டு பத்திகளையும் தனித்தனியே எழுதி, இரண்டையும் படிக்கப் பழகுங்கள்.

கிரிம் சகோதரர்கள் சொன்ன கதையில் ஒரு பகுதி உண்டு. திரைப்படத்தில் அது இல்லை. படத்தில் அரசகுமாரி நீண்ட காலம் உறங்குவதில்லை. அரசகுமாரன் விரைவில் வந்துவிடுகிறான். மூலக் கதையிலோ, கோட்டையைச் சுற்றி முள்வேலி வளர்ந்து மூடுகிறது. நூறாண்டு நிறைவதற்கு முன் வந்த இளைஞர் பலர் அம்முள்ளில் சிக்கி மாய்கின்றனர். தவணை முடிந்த நாளில் வந்தவனுக்கு முள்ளே மலராகி வழிவிடுகிறது. அவன் மற்றவர்களினும் வீரன் என்று கதை சொல்லவில்லை. உரிய நாளில் வந்தான், அவ்வளவே.

நாம் பெரும்பாலும் அந்தக் கடைசி அரசகுமாரனையே நினைவில் வைக்கிறோம். இனி இக்கதையைப் படிக்கும்போதோ, அப்படத்தைக் காணும்போதோ, முள்வேலியில் நின்றுவிட்டவர்களையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அக்காட்டின் ஒவ்வோர் இலையையும் வரைந்த கைகள் அவர்களுடையவை.